தூரத்தில் இருப்பவன் சொல்

கர்ஹா, சொகோத்ரா
ஜனவரி 18

அன்புத் தம்பி தானிக்கு அக்கா மஸ்னா ஸலாம் சொல்லி எழுதுறது. இங்க நானும் உன் மச்சானும் ஆடுங்களும் அல்லாஹ் கிருபையால சுகம். அஜ்மான்ல நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைங்களும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேக்குறேன். என் முழங்கால் மட்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது, அத விடு.

போன் இருக்க எதுக்கு இவ காகிதத்தத் தூக்கிட்டு வர்றான்னு நினைப்ப. மலை மேல நிக்கிற புது போன் கோபுரம் உங்க அஜ்மான் பக்கத்து ராணுவம் வச்சது. போன வாரம் உன் மச்சான் நூஹ் போன்ல யார்கிட்டயோ ராணுவ வண்டிங்களப் பத்திக் கொஞ்சம் திட்டிட்டார். மறுநாள் அவங்க ஆபீசர் வழியில வண்டிய நிறுத்தி, "என்ன நூஹ், எங்க மேல கோபமாமே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கார். அதனால இனிமே படகோட்டி நகுதா பரஜ் படகுல கடிதம்தான். பரஜ் நம்ம வீட்டுல குடிச்ச டீக்குக் கணக்கே இல்ல, ஆனா அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்க மாட்டான்.

உங்க ஊர்க்காரங்க மூணு மாசமா இங்க தானம் பண்ணித் தள்ளுறாங்க. மாவு, எண்ணெய், போர்வை, படகுக்கு எஞ்சின், ஹதிபூ டவுன்ல ஆஸ்பத்திரி. பேரீச்சம்பழம் கூடப் பெட்டி பெட்டியா வந்து எறங்குச்சு. நம்ம மரத்துல காய்ச்சத ஆடு தின்னுட்டுத் திரியுது. நம்ம தீவுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்துல இவங்க விமானம் குண்டு போடுது, இங்க இவங்க விமானம் மாவு எறக்குது. நன்றி சொல்றதா, பயந்து ஓடுறதான்னு தெரியாம ஜனங்க முழிக்குது.

இப்ப விஷயம் கேளு. போன வெள்ளிக்கிழமை நம்ம கரையில சிவப்புக் கம்பம் நட்டுட்டுப் போயிருக்காங்க. ராணுவ முகாம் வருதாம், கரை முழுசும். ஜூன்ல தென்மேற்குக் கச்சான் காத்து எழும்புறதுக்குள்ள பதினாலு படகும் அந்த மணல்ல ஏறி நிக்கணும். இந்தப் பக்கம் அரை நாள் நடந்தாலும் வேற மணல் கிடையாது, எல்லாம் பாறை. ஏறலைன்னா படகு இல்ல, விறகுதான். இத நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல, நீயும் வடம் பிடிச்சு இழுத்தவன்தான்.

ஈஸா தலைவர் கூட்டம் போட்டார். கரையில பங்குள்ளவன் எவனாவது வெளியூர்ல இருந்தா அவன் சொல் வந்து சேர்ற வரைக்கும் கூட்டம் வாய் திறக்காது, அதான நம்ம வழக்கம். பங்குள்ள பதினஞ்சு பேர்ல வெளியில இருக்கிறது நீ ஒருத்தன்தான். "தானி என்ன சொல்றான்னு கேளு மஸ்னா"ன்னு எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நீ அவங்க தரும நிறுவனத்துக் கிடங்குலதான் வண்டி ஓட்டுற. என்ன ஏதுன்னு விசாரி. "கரையைக் கொடுக்கச் சம்மதமில்லை, இப்படிக்கு தானி"ன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அத எடுத்துட்டு ஆளுநர்கிட்ட போகப் போறாங்க.

சுறாக் கருவாடு கொஞ்சம் பரஜ்கிட்ட குடுத்திருக்கேன். பக்கத்து வீட்டுக்காரங்க மூக்கப் பொத்துறாங்கன்னு போன தடவை மாதிரி தூக்கி எறிஞ்சிடாத.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா மஸ்னா


அஜ்மான்
பிப்ரவரி 11

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு தம்பி தானி ஸலாம் கூறி எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். உன் நலமும் மச்சான் நலமும் மருமகன் ஆமிர் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை. வலி இரண்டு காலிலுமா, ஒரு காலிலா? மேடு ஏறும்போதா, இறங்கும்போதா? இங்கே ஒரு மலையாளி மருந்துக்காரரிடம் விசாரித்து ஒரு களிம்பும் மாத்திரையும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. காலுக்கு மாட்டும் உறை ஒன்றும் உள்ளது. ஆட்டுப் பின்னால் மலை ஏறுவதை நீ குறைத்துக்கொள்ள வேண்டும்.

கரை விஷயத்தை விசாரித்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். மீனைக் கெடாமல் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றும் அங்கே வரலாம் என்று கேள்வி. வந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே. அவர்களுடன் சண்டைக்குப் போக வேண்டாம் என்று மச்சானிடம் சொல். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள்.

மகன் ஹமத் பரீட்சைக்குப் படிக்கிறான். மகள் ஷம்ஸா உன்னைக் கேட்டாள். கருவாடு கிடைத்தது, எறியவில்லை.

இப்படிக்கு
உன் தம்பி தானி


கர்ஹா
மார்ச் 4

தம்பிக்கு அக்கா ஸலாம். சுகம்தான். வலி ஒரு காலுல, இடது காலுல, ஏறும்போதும் இறங்கும்போதும். போதுமா? என் முழங்காலுக்கு எட்டு வரி எழுதியிருக்க. கரைக்கு நாலு வரி, அதுலயும் பாதி "என்கிறார்கள்", "கேள்வி". நான் கேட்ட ஒரு வரியக் காணோம். உன் கடிதத்தக் கூட்டத்துல படிச்சுக் காட்டச் சொன்னாங்க. மானம் போகுமேன்னு "பாதி நனைஞ்சு வந்துச்சு"ன்னு பொய் சொல்லிட்டேன்.

கம்பம் இருந்த இடத்துல இப்ப வேலி வந்தாச்சு. முள்ளுக் கம்பி, ரெண்டு ஆள் உயரம். வாசல்ல காவலுக்கு நிக்கிறது யாருன்னு கேளு. என் வயித்துல பொறந்த ஆமிர். புதுசா ஆள் எடுத்தாங்க, நம்ம பையங்க அறுபது பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. சட்டை, பூட்ஸ், சம்பளம், துப்பாக்கி. இங்க வேற என்ன வேலை இருக்கு, அவனையும் குத்தம் சொல்ல முடியல.

உன் மச்சான் போய் நின்னார். உள்ள வலை காயுது.

"கதவத் திறடா."

"அனுமதிச் சீட்டு இருக்கா வாப்பா?"

"நீ பொறந்ததுக்கு எங்கிட்ட சீட்டு இருக்கா?"

"மேலதிகாரி பாக்குறார் வாப்பா. சத்தம் போடாதீங்க."

"சரி. சாயங்காலம் சோத்துக்கு வருவேல்ல, அப்ப நீயும் ஒரு சீட்டு எடுத்துட்டு வா. உங்க உம்மாகிட்ட முத்திரை குத்தி வாங்கிக்க."

சாயங்காலம் வந்தான். தலையக் குனிஞ்சே தின்னான். மீன் தலைய அவனுக்குத்தான் வச்சேன். பெத்துத் தொலைச்சாச்சே, என்ன பண்றது.

இதவிடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. ஈஸா தலைவர் ஆபீசரப் பாத்து, யாரக் கேட்டு வேலி போட்டீங்கன்னு கேட்டிருக்கார். அதுக்கு அவர், "உங்க பங்காளி ஒருத்தரே சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே"ன்னு சொல்லியிருக்கார். யாருன்னா சொல்ல மாட்டாராம். ஊருக்குள்ள தீ வச்ச மாதிரி ஆயிடுச்சு. பதினாலு வீட்டு ஆம்பளைங்களும் குர்ஆன் மேல கை வச்சு, நான் இல்லன்னு சத்தியம் பண்ணினாங்க. பெரிய படகுக்காரன் சாலமீனும் பண்ணினான். ஆனா மாவு மூட்டை ஏத்துறதுக்குன்னு அவனுக்கு மட்டும் புது வண்டி குடுத்திருக்காங்களா, யாரும் அவன நம்பல. இப்ப அவன் வீட்டுல யாரும் டீ குடிக்கிறதில்ல. அவன் ஸலாம் சொன்னா தரையப் பாக்குறாங்க.

உன் பேர் யார் வாயிலயும் வரல. எப்படி வரும், உன் சொல்லுக்குத்தான எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. எழுதி அனுப்பு தானி, ஒரு வரி. காத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு.

அக்கா மஸ்னா


அஜ்மான்
மார்ச் 27

அன்பு அக்காவுக்கு ஸலாம். அனைவரும் நலம். நீ மாத்திரை போடுகிறாயா என்று எழுதவில்லையே. உறையை இரவில் கழற்றிவிட வேண்டும், மறக்காதே.

சாலமீன் விஷயம் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போடுவது பெரிய பாவம். வண்டி கொடுத்தார்கள் என்பதற்காக அவர்தான் போட்டார் என்று எப்படிச் சொல்லலாம்? அவர் அப்படிப்பட்டவர் அல்ல. சிறு வயதில் எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். ஈஸா தலைவரிடம் நான் சொன்னதாகச் சொல், சாலமீனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று.

ஆமிரிடம் கோபப்படாதீர்கள். இந்தக் காலத்தில் வேலை கிடைப்பது லேசில்லை.

நான் இப்போது அதிகம் வண்டியில் அலைகிறேன், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. ஹமத்துக்கு இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. உன் துஆதான்.

தம்பி தானி


கர்ஹா
ஏப்ரல் 19

தம்பிக்கு அக்கா ஸலாம். ஹமத் சேதி கேட்டு ஒரு கிடா அறுத்து ஊருக்கே சோறு போட்டேன். சாலமீன் வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்பினேன், நான் அனுப்பினது யாருக்கும் தெரியாது. அரசாங்கப் பல்கலைக்கழகம் அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான்னு நீதான் முன்ன எழுதியிருந்த. இருபத்து மூணு வருஷமா குடியுரிமைக் காகிதத்துக்கு அலைஞ்சியே, அது வந்துடுச்சான்னு எழுதவே இல்லையே. வந்திருந்தா சந்தோஷம். நல்லா இருக்கட்டும் பிள்ளைங்க. நான் மனசாரத்தான் சொல்றேன்.

முழங்காலுக்கு அவங்க ஆஸ்பத்திரிக்கே போனேன். வலி தாங்கல, என்ன செய்ய. எகிப்துக்கார டாக்டர், நல்ல மனுஷன். காலத் தொட்டுப் பாத்து, ஊசி போட்டு, "உம்மா, பத்து நாள்ல ஓடுவீங்க"ன்னார். நெசமாவே வலி கொறஞ்சிடுச்சு. அதான் எனக்கு எரிச்சலா வருது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு திட்டலாம்னு நினைச்சுப் போனேன், துஆ பண்ணிட்டு வந்தேன். வர்ற வழியில பாத்தா விமான தளத்துல பெரிய விமானம் நிக்குது. வயித்தத் திறந்து ஒவ்வொண்ணா இரும்பு வண்டி எறங்குது, மேல பீரங்கிக் குழல். யாரோட சண்டை போடப் போறாங்க இங்க? கழுகும் ஆடும் தவிர இங்க யார் இருக்கா?

சாலமீன் மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. தரும நிறுவனமே நாப்பது ஜோடிக்கு மொத்தமா பண்ணி வச்சாங்க, பந்தல், விளக்கு, பிரியாணி எல்லாம் அவங்க செலவு. கர்ஹாவுலேர்ந்து ஒருத்தர் போகல. மறுநாள் வழியில பாத்தப்ப சாலமீன் பொண்டாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு, "மஸ்னா, உனக்காவது தெரியும்ல, அவர் போடலன்னு"ன்னு அழுதா. நான் கைய விடுவிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

தானி, இப்ப நான் சொல்றதக் கவனமாப் படி. முன்னால என்ன நடந்துச்சோ எனக்கு வேண்டாம். யார் என்ன எழுதிக் குடுத்திருந்தாலும் அதுக்கு மேல ஒரு சொல் வந்தா பின்னால வந்த சொல்தான் நிக்கும். நம்ம கூட்டத்துல அப்படித்தான். நீ எழுது. "சம்மதமில்லை"ன்னு எழுது. அக்கா கேக்குறேன், வேற யாரும் கேக்கல. ஆறு வாரம் இருக்கு.

அக்கா மஸ்னா


கர்ஹா
மே 8

தானிக்கு.

பரஜ் வெறுங்கையோட வந்தான். நீ வீட்டுல இல்லன்னு உன் பொண்டாட்டி சொன்னாளாம். உன் வண்டி வாசல்ல நின்னுச்சாம், உன் செருப்பும் கிடந்துச்சாம். பரஜுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.

நேத்து ஈஸா தலைவர் வந்தார். "உன் தம்பி சொல் வரலையே மஸ்னா, அவனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா"ன்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன். உனக்காக நான் சொல்ற பொய்ய எழுதி வச்சா ஒரு நோட்டு நிறையும்.

படகுங்களக் கிழக்குப் பாறைக்குத்தான் கொண்டு போகப் போறாங்க. ஒரு படகத் தூக்க இருபது பேர் வேணும். நோன்பு வேற தொடங்கப் போகுது, தொண்டை வறண்டு நிக்கிறவங்க எத்தனையத் தூக்குவாங்க. தெக்கு வானம் இப்பவே மங்கலா இருக்கு.

ஸலாம் கூட எழுத மறந்துட்டேன். ஸலாம்.

மஸ்னா


அஜ்மான்
மே 26

அக்கா,

ஸலாம். நீ நலமா? நோன்பு பிடிக்கிறாயா? மருந்து போடுகிறவர்கள் பிடிக்க வேண்டியதில்லை என்று

இல்லை அக்கா. இப்படியே எழுதினால் மறுபடியும் உன் முழங்காலிலேயே முடித்துவிடுவேன்.

கையெழுத்துப் போட்டது நான்.

போன டிசம்பரில். அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை போகப்போகிறது என்று நடுங்கிக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். நான் கிடங்கு வண்டிக்காரன், எனக்கு அங்கே யாரும் டீ கொடுத்ததில்லை. அந்த அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். "நீங்கள் கர்ஹாக்காரர்தானே, உங்கள் தகப்பனார் பங்கு கரையில் இருக்கிறதல்லவா, உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு காகிதம்தான், உங்கள் மக்களின் முன்னேற்றத்துக்கு" என்றார். மேசையின் இந்தப் பக்கம் அந்தக் காகிதம். அந்தப் பக்கம் என் பிள்ளைகளின் குடியுரிமைக் கோப்பு. அக்கா, இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டு எழுந்து வந்திருப்பேனோ என்னவோ. ஹமத்துக்குப் பதினெட்டு முடிகிறது. காகிதம் இல்லையென்றால் அவனும் என்னைப் போல வண்டிதான் ஓட்ட வேண்டும், அதுவும் அவர்கள் விடும் வரை. நான் போட்டேன். ஜனவரியில் கோப்பில் முத்திரை விழுந்தது. அதே வாரம்தான் உன் முதல் கடிதமும் வந்தது.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுப்பேன். உன்னிடம் சொன்னால் கூட்டம், கூட்டம் சொன்னால் ஆளுநர், ஆளுநர் சொன்னால் இங்கே என் பிள்ளைகள் காகிதம். பரஜ் வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

எனக்கு அண்ணன் போன்ற சாலமீன் காக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. இதை ஈஸா தலைவரிடம் காட்டு. கரையைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. நீ கேட்ட வரி இதுதான். நேரம் கடந்து வருகிறது.

பரஜ் நாளை கிளம்புகிறான். காற்றுக்கு முன்னால் இதுதான் கடைசிப் படகு என்கிறான்.

தானி


கர்ஹா
அக்டோபர் 6

தம்பி தானிக்கு அக்கா ஸலாம்.

உன் கடிதம் போன வாரம் வந்துச்சு. பரஜ் மே மாசம் கிளம்பிப் பாதி வழியில காத்துல மாட்டி பெருநிலத்து முக்கல்லா துறைமுகத்துல ஒதுங்கிட்டானாம். நாலு மாசம் அங்கயே கிடந்துட்டு, காத்து நின்ன பிறகு முதல் படகா வந்தான். அந்த நாலு மாசமும் உங்க ராணுவ விமானம் வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து போச்சு. அதுல நீ இந்தக் கடிதத்தக் குடுத்து அனுப்ப முடியாதுங்கிறதும் எனக்குத் தெரியும்.

நடந்தத வரிசையா சொல்றேன், குறுக்க அழாம படி.

மே முப்பதாம் தேதி படகுங்களப் பாறைக்கு ஏத்தினாங்க. பதிமூணு படகுக்கு வடம் பிடிச்சாங்க. பதினாலாவது சாலமீன் படகு. இருக்கிறதுலயே பெருசு. அவனும் ரெண்டு மகன்களும் வடத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தர் அசையல. உன் மச்சான் கையக் கட்டிக்கிட்டு நின்னார். சாலமீன் யாரையும் கூப்பிடல, மூணு பேருமா இழுத்தாங்க. பாதியில வடம் நழுவி, படகு பின்னால வந்து அவன் காலப் பாறையோட வச்சு நசுக்கிடுச்சு. நான் பொம்பளைங்களோட மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவங்க ஆஸ்பத்திரிதான் கால எடுத்துச்சு. முழங்காலுக்குக் கீழ. அதே எகிப்துக்காரர். நல்லாத்தான் பண்ணினார், சீழ் பிடிக்கல. அலுமினியத்துல ஊன்றுகோலும் இலவசமாக் குடுத்தாங்க. ஜூலைக் காத்துல ஒன்பது படகு போச்சு. உன் மச்சான் படகும் போச்சு.

இப்ப நான் சொல்ல வேண்டியது. உன் கையெழுத்த நான் ஏப்ரல் முதல் வாரத்துலயே பாத்துட்டேன். முகாம் ஆபீஸ்ல டீ குடுக்கப் போன ஆமிர், மேசையில கிடந்தத போன்ல படம் பிடிச்சுட்டு வந்து எங்கிட்ட காட்டினான். "த"வுக்கு வால் நீட்டுற பழக்கம் உனக்கு நான் சொல்லிக் குடுத்ததுதான? படத்த அழிச்சிடுடான்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உனக்கு அந்த ஏப்ரல் கடிதம் எழுதினேன். நீயே உன் வாயால சொல்லிடுவ, கூட்டம் உன்ன மன்னிச்சிடும், உன் பேர் கெடாதுன்னு காத்திருந்தேன். உன் பேரக் காப்பாத்தத்தான் சாலமீன் பொண்டாட்டி கையிலேர்ந்து என் கைய உருவிக்கிட்டேன். நீ கதவுக்குப் பின்னால நின்ன. நான் எல்லாரோடயும் வெளிச்சத்துல நின்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்த அன்னைக்கே எல்லாரையும் சாலமீன் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னேன். உன் கடிதத்த மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சேன். அப்புறம் ஏப்ரல் கதையையும் சொன்னேன். உன் மச்சான் எழுந்து போய்ட்டார். சாலமீன்தான் பேசினான். "தானி தன் பிள்ளைங்களுக்காகப் பண்ணினான், அத நான் புரிஞ்சுக்கிறேன். நீ யாருக்காக மஸ்னா?"ன்னான்.

இப்ப யாரும் என் வீட்டுல டீ குடிக்கிறதில்ல. குடிக்காம இருக்கிறதுதான் சரி.

ஆனா ஒண்ணு கேளு. ஈஸா தலைவர் எனக்கு ஸலாம் சொல்லாம, வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு சேதி சொல்லிட்டுப் போனார். நீ அந்த ஆபீசுக்கே நேராப் போய், குடுத்த சம்மதத்தத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுக்கணுமாம். உன் சொல் அங்க போய்ச் சேர்ற வரைக்கும் கூட்டம் வேற முடிவு எடுக்காதாம். இவ்வளவுக்குப் பிறகும் அந்த மடையனுங்க உனக்காகத்தான் காத்திருக்கானுங்க தானி. அத நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

பிள்ளைங்க காகிதத்துக்கு ஆபத்து வருமான்னு தெரியல. "போ"ன்னும் சொல்ல மாட்டேன், "போகாத"ன்னும் சொல்ல மாட்டேன்.

மஸ்னா


அஜ்மான்
நவம்பர் 14

அக்கா,

ஸலாம். எல்லாரும் சுகம்.

போனேன். உன் கடிதம் வந்து பத்து நாள் தூங்கவில்லை. ஹமத்தை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "போயிட்டு வாங்க வாப்பா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்" என்றான். திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், கரை எங்கள் பதினைந்து பேருக்கும் உரியது, ஒருவன் தனியாகக் கொடுக்க முடியாது என்று.

அதே அதிகாரிதான். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். டீ வந்தது. காகிதத்தைப் படித்தார், இரண்டு முறை படித்தார். கத்துவார், காவலரைக் கூப்பிடுவார், பிள்ளைகள் காகிதத்தைப் பிடுங்குவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவர் கோபப்படவே இல்லை. "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? முகாம் எங்கே வருவது என்பது போன வருடக் கோடையிலேயே முடிவாகிவிட்டது. உங்கள் காகிதம் இருந்தால் நல்லது என்று யாரோ கேட்டார்கள், வாங்கி வைத்தோம். இல்லாவிட்டாலும் அதே இடம்தான்" என்றார். அப்போ என் பிள்ளைகள் காகிதம் என்று கேட்டேன். "அது வேறு கோப்பு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் முறை வந்தது, கிடைத்தது. பயப்படாதீர்கள், யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள்" என்றார். என் காகிதத்தில் "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தி ஒரு கோப்பில் வைத்தார்.

அக்கா, அவர் ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். நான் விற்றதை அவர்கள் வாங்கவே இல்லை. சும்மா எடுத்துக்கொண்டது போக, கூடுதலாக என்னையும் வைத்துக்கொண்டார்கள். சாலமீன் காக்காவின் கால் போனது ஒன்றுமில்லாத ஒரு காகிதத்துக்காக. அவரிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிடு. நாம் சொல்லாமல் வைத்திருந்தது போதும்.

எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். அவர் கூப்பிட்டார். உண்மையான அக்கறையோடுதான் கூப்பிட்டார், நடிப்பு இல்லை. காற்றில் படகுகள் போனதைக் கேள்விப்பட்டாராம், வருத்தமாம். "உங்கள் மக்களுக்கு என்ன தேவை, சொல்லுங்கள். அடுத்த வருட உதவித் திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்றார்.

"ஒரு கரை வேண்டும்" என்றேன்.

கேலி செய்வதாக நினைத்துத் துரத்திவிடுவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அது இருந்தது. நான் படிக்கவில்லை.

தானி